கலைச்சொல் வேண்டும்: டிபெண்டண்ட் (கல்லூரிப் பிள்ளை, அமெரிக்க வருமான வரி)
(பேசுவோர் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்; எடிசன், பிளேனோ அமெரிக்க ஊர்கள்.)

எடிசன்:
வணக்கம். இங்கே தன்னார்வலர்கள் நடத்தும் இலவச வரி உதவி முகாமுக்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பெற்றோர் தங்கள் வரிப் படிவத்தில் டிபெண்டண்டாக, அதாவது தங்களை நம்பி வாழ்பவராக, காட்டலாமா என்பதுதான் விஷயம். ஆண்டு முடிவில் பிள்ளைக்கு 24 வயது ஆகியிருக்கக் கூடாது, ஐந்து மாதங்களிலாவது முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும், தன் செலவில் பாதிக்கு மேல் தானே போட்டிருக்கக் கூடாது. இதெல்லாம் எழுதியாயிற்று. அந்த ஒரு சொல்தான் உதைக்கிறது. 'சார்ந்தவர்' போதுமா?

மதுரை:
போதாது. கட்சி சார்ந்தவர், சமயம் சார்ந்தவர் என்றே காதில் விழும். 'சார்பு' பள்ளிக் கணிதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டது. 'ஓம்படையர்' என்க. ஓம்பு, பேணு. ஓம்படை, பேணச் சொல்லி ஒப்படைத்தல். சங்கப் பாட்டில் தலைவி வீட்டுக்குத் தெரியாமல் தலைவனோடு போகும் உடன்போக்கில், தோழி அவளைத் தலைவனிடம் ஓம்படுத்துகிறாளே, அது. ஏமம், ஏமாப்பு, ஓம்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிப்பேன்.

பிளேனோ:
ஐயா, உடன்போக்கில் போன தலைவி கணவனோடு சேர்ந்து கூட்டுப் படிவம் தாக்கல் செய்தால், பொதுவாக அப்பா அவளைக் காட்ட முடியாது. எடுத்துக்காட்டே கவிழ்க்கிறது.

வரிக் கணக்கு பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் 'பையன் டார்மில் (கல்லூரி விடுதியில்) இருக்கானே, டிபெண்டண்டா காட்டலாமா' என்றுதான் கேட்கிறார்கள். காட்டலாம். படிப்புக்காக வெளியே தங்குவதும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு. உதவித்தொகை, பிள்ளை தானே போட்ட பணமாகாது. அவன் பெயரில் அவனே திருப்பிக் கட்டவேண்டிய கல்விக் கடனோ, அவன் போட்ட பணமாகவே கணக்கு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இன்னொன்று, கல்லூரிக்கு அரசு நிதியுதவி கேட்கும் ஃபாஃப்ஸா விண்ணப்பத்திலும் இதே சொல்தான், விதி வேறு. அப்பா வரியில் காட்டாமல் விட்டதாலேயே பிள்ளை அங்கே பெற்றோரைச் சாராத தனிக்கட்டை ஆகிவிடாது. படிவத்தில் உள்ள சொல்லையே தமிழெழுத்தில் போடுங்கள், தேடிப் பார்க்கவாவது உதவும்.

டொராண்டோ:
எங்கட பக்கம் 'தங்கிவாழ்வோர்' எண்டு புழக்கத்தில் இருக்குது. புதுசாய் ஏன் செய்யவேணும்?

எடிசன்:
நல்ல சொல், அண்ணா. ஆனால் இங்குள்ள தமிழ்நாட்டுக்காரர் 'தங்கி' என்றதும் டார்மையே நினைப்பார்.

சிங்கப்பூர்:
சார்பெழுத்து மாதிரி 'சார்பர்'. தொல்காப்பியர் மூன்று என்றார், நன்னூலார் பத்து என்றார், அமெரிக்க வருமான வரிக்கான 1040 படிவத்தில் நான்கு பேருக்கு இடம். பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை:
வள்ளுவர் சொன்ன 'ஒக்கல்' (சுற்றத்தார்) இருக்க, சார்பர் எதற்கு? இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரில் ஒருவர். தவிர, 'காட்டலாமா' என்பது கொச்சை. 'கோரலாமா' என்று திருத்துக.

பிளேனோ:
அந்த ஐவரை வைத்துப் படிவம் நிரப்பினால் தணிக்கைதான் வரும். தென்புலத்தார் காலமானவர்கள். தெய்வத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. விருந்து ஆண்டு முழுக்க நம் வீட்டிலேயே இருந்தால் ஒருவேளை தேறும், அப்புறம் அது விருந்தா? தன்னைத் தானே டிபெண்டண்டாகக் காட்ட வழியில்லை. ஊரில் இருக்கும் ஒக்கலும் ஆகாது: அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வதிபவராகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் கனடா, மெக்சிகோவில் வசிக்க வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இதைக் கேட்டு வருத்தப்படுகிறார்கள்.

எடிசன்:
'மகளைக் கோரலாமா' என்றால் பெண் கேட்டு வந்த மாதிரி இருக்கிறது, ஐயா. காட்டலாமா இருக்கட்டும்.

நேரமில்லை. 'சார்ந்தவர்' போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் டிபெண்டண்ட் என்று சேர்க்கிறேன். பலரும் தனிமடலில் இதையே சொல்கிறார்கள், களைத்துப்போய்ச் சொல்கிறார்களோ என்னவோ.

டொராண்டோ:
எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அச்சுக்குப் போகட்டும்.

பிளேனோ:
ஒரு திருத்தம். 'குவாலிஃபையிங் சைல்டு' என்பதைத் 'தகுதியான குழந்தை' என்று போட்டிருக்கிறீர்கள். 22 வயதில் தாடி வைத்த குழந்தையா? பிள்ளை என்றாவது மாற்றுங்கள்.

மதுரை:
பிள்ளை சரி. 'தகுபிள்ளை' என்றால் வினைத்தொகையாகச் சுருங்கும், கட்டத்திலும் அடங்கும். 'சார்ந்தவர்' பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. வேர்ச்சொல் மடல் நாளை வரும்.