நேபாளத்துக்கு சபையோட மிஷன் ட்ரிப், போலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பாளை_நர்ஸ்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வாலிபர் ஐக்கியத்துல இருந்து நேபாளத்துக்கு 10 நாள் மிஷன் ட்ரிப் போறதா முடிவு பண்ணியிருக்காங்க, மொத்தம் 22 பேர், ஆளுக்கு 28 ஆயிரம், ட்ரெயின் சாப்பாடு தங்குறது எல்லாம் சேர்த்து. நான் பி.எஸ்சி நர்சிங் முடிச்சிட்டு இங்க ஒரு ஆஸ்பத்திரில வேலை பாக்கேன், லீவு கேக்கணும்னா இப்பவே சொல்லணும், அதான் இங்க கேக்கேன்.

ப்ளான் என்னன்னா காத்மாண்டு பக்கத்துல ஒரு அனாதை இல்லத்துல 3 நாள் வி.பி.எஸ் (பிள்ளைங்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி), அப்புறம் ஒரு கிராமத்துல சர்ச்சுக்கு பெயிண்ட் அடிக்கிறது, ஒரு நாள் மெடிக்கல் கேம்ப் (அதுக்குதான் என்னைய ரொம்ப கூப்பிடுதாங்க), பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுவிசேஷ கைப்பிரதி குடுக்கிறது, கடைசில ரெண்டு நாள் போக்காரா சுத்திப் பாக்கிறது. தேதி மே மாசம் இல்லன்னா ஜூலைன்னு பேசிட்டு இருக்காங்க.

எனக்கு போகணும்னு ரொம்ப ஆசை, சண்டே கிளாஸ்ல மிஷனரி கதை கேட்ட நாள்ல இருந்தே இருக்குற ஆசை. ஆனா அப்பா வேண்டாங்காங்க, அங்க மதமாற்ற தடைச்சட்டம் இருக்கு, புடிச்சு உள்ள போட்டுருவான்னு பயப்படுதாங்க. அம்மா வந்து, அந்த காசை அங்க உள்ள ஊழியக்காரங்களுக்கே அனுப்பலாமேங்காங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமா தெரியுது, போகணும்னும் இருக்கு. நேபாளத்துல இருந்தவங்க, போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க ப்ளீஸ்.

பால்பா_அங்கிள்:

ஸ்தோத்திரம்மா. நான் நேபாளத்துல பால்பா மாவட்டம் தான்சேன் பக்கம் பார்மசி வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன், இப்ப ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்துட்டேன், தெரிஞ்சத சொல்றேன்.

அப்பா சொல்றது உண்மைதான், சட்டம் இருக்கு. 2015 அரசியல் சாசனத்துல 26வது பிரிவு, யாரும் யாரையும் மதம் மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. அதுக்கு மேல 2018 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்துல 158வது பிரிவு, மதம் மாத்தினா மட்டுமில்ல, மாத்த முயற்சி பண்ணாலே 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம். வெளிநாட்டுக்காரங்கன்னா தண்டனை முடிஞ்சதும் 7 நாளைக்குள்ள நாட்டை விட்டு அனுப்பிருவாங்க. நமக்கு விசா வேண்டாம்ங்கறதுனால நாமளும் உள்ளூர்க்காரங்க மாதிரின்னு நெறைய பேர் நெனச்சுக்கறாங்க, இந்த விஷயத்துல அப்படி கிடையாது.

ஆனா என் பயம் உங்களைப் பத்தி இல்லம்மா. பஸ் ஸ்டாண்ட்ல கைப்பிரதி குடுத்தீங்க, ஒருத்தன் போலீசுக்கு போன் பண்ணான்னு வைங்க, உங்க 22 பேரையும் ரெண்டு நாள் விசாரிச்சு அனுப்பிரலாம், உங்களுக்காக பேச இங்க இருந்து ஆள் வரும், எம்பசி இருக்கு. உங்களைக் கூட்டிட்டு வந்த உள்ளூர் பாஸ்டரோட கதி என்ன? அவரு அந்த ஊர்லதான் பிழைக்கணும், பிள்ளைங்க அந்த ஊர் ஸ்கூல்லதான் படிக்கணும். 2020 மார்ச்ல போக்காராவுல ஒரு பாஸ்டரை கைது பண்ணாங்க, கொரோனாவுக்கு எதிரா ஜெபம் பண்ண வீடியோதான் ஆரம்பம், கேஸ் மேல கேஸ் போட்டு கடைசில 2021ல டோல்பா மாவட்ட கோர்ட் 2 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு சொல்லுச்சு, அப்பீல்ல அது குறைஞ்சது வேற. ட்ரிப் முடிச்சு வந்து பேஸ்புக்ல 'இத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க'ன்னு போட்டோவோட போடறாங்க பாருங்க, அந்த போட்டோவுல இருக்குற முகத்தை எல்லாம் யார் யார் பாப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

இன்னொன்னும் சொல்லணும். 1951 வரைக்கும் நேபாளம் வெளி ஆட்களுக்கு மூடின நாடு. 1954ல யுனைடெட் மிஷன் டு நேபாள் உள்ள வந்தப்போ ஆஸ்பத்திரி, ஸ்கூல் நடத்தலாம், மதம் மாத்தக்கூடாதுங்கற நிபந்தனையோடதான் அரசாங்கம் விட்டுச்சு. தான்சேன் ஆஸ்பத்திரி அப்படி வந்ததுதான். அப்போ சபையை கட்டினது யாருன்னா நேபாளி விசுவாசிங்க. போக்காராவுல ராம்காட் சபை 1952ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச டேவிட் முக்கியா நம்ம உ.பி. எல்லைல உள்ள நௌதன்வா பக்கம் இருந்து போன நேபாளி ஊழியர். 1960ல தான்சேன்ல ஞானஸ்நானம் குடுத்ததுக்காக அவருக்கு 6 வருஷ தண்டனை போட்டாங்க, எடுத்தவங்களையும் உள்ள வச்சாங்க. ஞானஸ்நானம் எடுக்கறதே குற்றமா இருந்த அந்த நாட்டுல 2021 சென்சஸ் படி 5 லட்சத்துக்கு மேல கிறிஸ்தவங்க. வெளிநாட்டுக்காரங்க கைப்பிரதி குடுத்து வந்தது இல்ல இது.

அதனால என் கேள்வி ஒண்ணுதான்மா. இந்த ப்ளானை போட்டது யாரு? அங்க உள்ள பாஸ்டர் 'எங்களுக்கு இது வேணும்'னு கேட்டாரா, இல்ல நம்ம கமிட்டி இங்க உக்காந்து எழுதினதா? அதைக் கேட்டுட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

கோவை_சாமுவேல்:

அங்கிள் சொல்றதுல சட்டம் பத்தின விஷயம் சரிங்க, ஆனா இப்படியே எழுதினா ஒருத்தரும் எங்கயும் போக மாட்டாங்க. நான் எங்க சபைல யூத் லீடரா இருக்கேன், நேபாளத்துக்கு டீம் கூட்டிட்டு போயிருக்கேன். போறதுக்கு முன்னாடி மிஷன்னா வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்பெஷல் காணிக்கை போடறது, அவ்ளோதான் எங்க பசங்களுக்கு. போயிட்டு வந்த அப்புறம் ரெண்டு பேர் முழுநேர ஊழியத்துக்கு போயிட்டாங்க, மத்தவங்க மாசாமாசம் அங்க உள்ள ஒரு ஊழியர் குடும்பத்தை தாங்குறாங்க, அதுவும் விடாம. வீட்டுல உக்காந்து 28 ஆயிரத்தை அனுப்பி இருந்தா அது ஒரு தடவையோட நின்னுருக்குங்க.

அப்புறம் மலைல இருக்குற சின்ன சபைக்கு நாம போய் நிக்கிறதே பெரிய விஷயம். மொத்தம் 15 பேர் கூடுற சபை, ஊர்ல யாரும் தண்ணி எடுக்கக்கூட சேக்க மாட்டாங்க, அவங்களுக்கு இன்னொரு நாட்டுல இருந்து நம்மள மாதிரி ஆளுங்க வந்து கூட உக்காந்து பாடுறாங்கன்னா எவ்ளோ தைரியம். ஒரு பாட்டி என் கையை புடிச்சிட்டு விடவே இல்லைங்க. சிஸ்டர், கைப்பிரதியை விட்டுட்டு மத்தது எல்லாம் பண்ணுங்க, தைரியமா போங்க.

பால்பா_அங்கிள்:

தம்பி, போக வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லலையே. நீங்க சொன்ன அந்த பாட்டி விஷயம்தான் எனக்கும் முக்கியம். நம்ம திருநெல்வேலிக்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. வெள்ளாளன்விளைல பிறந்த, பின்னால பிஷப் ஆன அசரியாவும் இன்னும் சில பேரும் சேர்ந்து 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சாங்க, ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துல தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாங்க, அப்புறம் அவரே போனாரு, போய் தெலுங்கு படிச்சு அந்த ஜனங்களோடவே இருந்தாரு. அவரு 1910ல எடின்பரோ மிஷனரி மாநாட்டுல அத்தனை வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு முன்னாடி நின்னு நீங்க எங்க ஏழைகளுக்கு பொருளை குடுத்தீங்க, உயிரையும் குடுத்தீங்க, அன்பையும் கேக்கோம், எங்களுக்கு நண்பர்களைத் தாங்கன்னு கேட்டாரு. அன்னைக்கு வாங்குற இடத்துல இருந்தது நாம. இன்னைக்கு நேபாளத்துக்கு போறப்போ நாமதான் அந்த மேடைல உக்காந்திருந்தவங்க இடத்துல இருக்கோம். கூட உக்காந்து பாடுங்க, அவங்க வீட்டுல தால் பாத் (பருப்பு சோறு) சாப்பிடுங்க, அவங்க கதையை கேளுங்க, அடுத்த வருஷமும் அதே சபைக்கு போங்க. சுவருக்கு பெயிண்ட் அடிக்க மட்டும் இங்க இருந்து ஆள் வேண்டாம் தம்பி, அங்கயே வேலை இல்லாம கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போற பசங்க ஊர் பூரா இருக்காங்க, பெயிண்ட் காசை அவங்களுக்கு கூலியா குடுத்தா அந்த வீடு ஒரு வாரம் சாப்பிடும்.

மீனா_சமூகப்பணி:

நான் குழந்தைகள் பாதுகாப்பு துறைல வேலை பாக்கறேன், அந்த அனாதை இல்லம் ப்ளானை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துருங்கப்பா. இதை யாரும் கண்டுக்கலையேன்னு தான் எழுதறேன்.

நேபாளத்துல இல்லங்கள்ல இருக்குற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்க. 1996ல இருந்து 2006 வரைக்கும் நடந்த உள்நாட்டு சண்டைல ஹும்லா மாதிரி தூர மலை மாவட்டங்கள்ல இருந்து, 'நல்ல ஸ்கூல்ல சேக்கறோம்'னு சொல்லி பெத்தவங்ககிட்ட காசும் வாங்கிட்டு பிள்ளைங்கள காத்மாண்டுக்கு கூட்டிட்டு வந்து அனாதைன்னு பேப்பர் போட்டு இல்லத்துல விட்டாங்க. இல்லம் எல்லாம் எங்க இருக்குன்னு பாத்தா காத்மாண்டு, லலித்பூர், போக்காரா, சித்வன்னு டூரிஸ்ட் வர்ற இடமாதான் இருக்கும், ஏழ்மை அதிகமா உள்ள மாவட்டத்துல இருக்காது. 2015 பூகம்பம் முடிஞ்சதும், மறுபடி இதே நடக்கும்னு பயந்துதான் பெரியவங்க துணை, அனுமதி இல்லாம பிள்ளைங்கள மாவட்டத்தை விட்டு கூட்டிட்டு போக தடை போட்டாங்க, புது இல்லம் பதிவு பண்றதையும் நிறுத்துனாங்க. ஆஸ்திரேலியா பார்லிமென்ட் கமிட்டி 2017லயே இதை நவீன அடிமைத்தனத்தோட சேர்த்து பேசியாச்சு. நாம 3 நாள் போய் பாட்டு சொல்லிக்குடுத்து மிட்டாய் குடுத்து காணிக்கையும் குடுத்துட்டு வர்றப்போ, பிள்ளைங்க அங்க இருந்தாதான் காசு வரும்னு நடத்துறவனுக்கு நாமே காட்டிக்குடுக்கறோம். எல்லா இல்லமும் அப்படின்னு சொல்லல, நல்லா நடத்தறவங்களும் இருக்காங்க, ஆனா 3 நாள்ல எது எப்படின்னு உங்களால கண்டுபுடிக்க முடியாது. அதோட அந்த பிள்ளைங்க பக்கம் இருந்து பாருங்க, மாசாமாசம் ஒரு குரூப் வருது, மடில உக்கார வைக்குது, அழுதுட்டே டாட்டா காட்டிட்டு போயிருது, அடுத்த குரூப் வருது. இல்லத்துப் பிள்ளைங்க முதல் தடவை பாக்கற ஆள்கிட்டயே ஓடி வந்து ஒட்டிக்கும், பாசமா இருக்குன்னு நாம சொல்லுவோம், அது பாசம் கிடையாது, அந்த மனசு எவ்ளோ தடவை அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம்.

வி.பி.எஸ் வேணும்னா அந்த கிராம சபைல, பெத்தவங்களோட வர்ற சபை பிள்ளைங்களுக்கு, அங்க உள்ள சண்டே கிளாஸ் டீச்சர்ஸ் நடத்த நீங்க கூட நின்னு உதவி பண்ணுங்க. வெளிப் பிள்ளைங்கள கூப்பிட்டு உக்கார வைக்கிறது அங்கிள் சொன்ன சட்டத்துல மாட்டும்.

பாளை_நர்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மீனா அக்கா எழுதினத படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. அங்கிள் கேட்டத ஐக்கிய செகரட்டரி அண்ணன்கிட்ட கேட்டேன், ப்ளான் இங்க போட்டதுதானாம். அந்த கிராம பாஸ்டர்கிட்ட போன்ல கேக்க சொன்னேன், அவரு ரொம்ப தயங்கி, கைப்பிரதி வேண்டாம்னாராம், வர்றவங்க வேணா வாங்க, பத்து பேருக்கு மேல வந்தா ஊர்ல கேள்வி வரும்னாராம். சபைல உள்ள பெண்களுக்கு பிரசவம், காய்ச்சல், காயம் பத்தி யாராவது சொல்லிக்குடுத்தா நல்லா இருக்கும்னு அவரே கேட்டிருக்காரு. அப்போ மெடிக்கல் கேம்ப் பண்ணலாமா? மருந்து இங்க இருந்து கொண்டு போலாம்னு ஒரு டாக்டர் அண்ணன் சொல்லுதாங்க.

பால்பா_அங்கிள்:

பாத்தீங்களா, ஒரு போன்ல எவ்ளோ தெளிவாச்சு. பத்து பேர் மட்டும் போங்க, மிச்ச 12 பேர் காசு 3 லட்சத்து 36 ஆயிரம் வருது, அதுல ஒரு பங்கை அந்த கிராம பாஸ்டர் கையில குடுக்கலாமான்னு கமிட்டில பேசுங்க, அம்மா சொன்னதும் நடந்த மாதிரி இருக்கும்.

கேம்ப் வேண்டாம்மா. அங்க நர்ஸா கை வைக்கணும்னா நேபாள் நர்சிங் கவுன்சில்ல பதிவு வேணும், டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில்ல தற்காலிக பதிவு வேணும், நம்ம ஊர் ரிஜிஸ்ட்ரேஷன் அங்க செல்லாது. பார்மசில இருந்தவன்ங்கறதுனால இதையும் சொல்றேன், ஒரு நாள் கேம்ப்ல பிபி பாத்து 10 நாள் மாத்திரை குடுப்பாங்க, 11வது நாள் அந்த அம்மா என்ன பண்ணும்? பேர் தெரியாத ஸ்ட்ரிப்பை எடுத்துட்டு மலை இறங்கி எங்ககிட்ட வருவாங்க, அது என்ன மருந்துன்னு தேடவே எங்களுக்கு நேரம் போகும். அதுக்கு பதில் பாஸ்டர் கேட்டதையே பண்ணுங்க. ஒவ்வொரு வார்டுலயும் அரசாங்கத்தோட பெண் சுகாதார தன்னார்வலர் ஒருத்தங்க இருப்பாங்க, 1988ல இருந்து இருக்குற திட்டம், அவங்களைக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சிட்டு நீங்க பேசுங்க. கர்ப்பத்துல எந்த அறிகுறி வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், பேதிக்கு உப்பு சர்க்கரை தண்ணி எப்படி கலக்கணும், தீக்காயத்துல எண்ணெய் தடவக்கூடாது, இதெல்லாம் சொல்ல ஊசி மருந்து தேவையில்ல. நீங்க ஊருக்கு வந்த அப்புறமும் அந்த தன்னார்வலர் அங்கயே இருப்பாங்க.

ஜூலை கண்டிப்பா வேண்டாம். மழைக்காலத்துல காத்மாண்டு போற முக்லிங் ரோடு மண்சரிவுதான், 2024 ஜூலைல சிமல்தால்ல ரெண்டு பஸ்சை அப்படியே திரிசூலி ஆத்துக்குள்ள தள்ளிருச்சு, உள்ள 60க்கு மேல ஆளுங்க இருந்தாங்க. மே மாசத்துலயே போங்க, பகல் பஸ்லயே போங்க. எல்லாரும் பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி ஒரிஜினல் வச்சுக்கோங்க, ஆதார் மட்டும் இருந்தா உங்க வயசுக்காரங்களுக்கு ஏத்துக்க மாட்டாங்க. நம்ம 100 ரூபா அங்க 160, நூறு ரூபா நோட்டா கொண்டு போங்க. அங்க சபை கூடுறது சனிக்கிழமை, அன்னைக்கு அங்க லீவு, அதை வச்சு தேதி போடுங்க. செருப்பை வெளிய விட்டுட்டு தரைல உக்காரணும், ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், பாத்ததும் 'ஜெய்மசி'ன்னு சொல்லுங்க, முகம் மலர்ந்துரும். மாட்டுக்கறி பேச்சே எடுக்காதீங்க.

பாளை_நர்ஸ்:

சரி அங்கிள், எல்லாத்தையும் எழுதி வச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடுது, அப்பாவையும் கூட்டிட்டு போறேன். பார்டர் பக்கத்துல உள்ள கோரக்பூருக்கு ராப்திசாகர் ட்ரெயின்லதான் டிக்கெட் போடணும்னு பேசுதாங்க, 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங் திறக்கும்ல, அதுக்குள்ள யார் யார் போறதுன்னு முடிவாயிரும். சோனௌலி பார்டர்ல இருந்து காத்மாண்டுக்கு பகல் பஸ் காலைல எத்தனை மணிக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.