டிஸ்க் மாத்தியாச்சு, ஆனா பெடல் கல்லு மாதிரி: கோளாறு எங்கே?

டிரம் பிரேக் இருந்த பழைய வண்டிக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டியதும் "டிரம்மே தேவலை" என்று புலம்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டிருப்பார்கள். டிரம் சுற்றும்போது அதுவே ஷூவை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, எல்லாமே ஆயில் பிரஷர்தான். மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் போடணும், அல்லது சிலிண்டரின் உள்விட்டத்தை (போர்) குறைக்கணும். 1 அங்குலத்திலிருந்து 7/8-க்கு இறங்கினால் அதே மிதிக்குச் சுமார் 30% பிரஷர் கூடும். பெடலும் அதே கணக்கில் ஆழமாகப் போகும். பூஸ்டர் இல்லாத பெடலின் நெம்புகோல் விகிதம் சுமார் 6:1, பூஸ்டருக்கு 4:1 போதும். பழைய பெடலிலேயே பூஸ்டரைக் கோர்த்தால் கால் பட்டதுமே சக்கரம் லாக் ஆகும்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க. டிரம் மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில் பைப் மாட்டும் வாயில், பித்தளை சீட்டுக்குப் பின்னால், சின்ன வால்வு ஒன்று இருக்கும். அதனால் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ பிரஷர் தேங்கி நிற்கும். டிரம்முக்கு அது வேணும். அது இருந்தால் டிஸ்க்கில் பேட் உரசிக்கொண்டே இருந்து சூடாகும். முன் லைனில் மட்டும் இந்த வால்வை எடுக்கணும், பின்னால் டிரம் இருந்தால் அங்கே தொடாதீங்க. மாஸ்டர் வண்டித் தளத்துக்கு அடியில், பேடை அழுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிக்கு மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு தேவை.

பிரேக் விடாமல் பிடித்தால் ஜாக்கியில் தூக்கி இந்த வரிசையில் பாருங்க. மாஸ்டரை பூஸ்டரோடு பிடிக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினதும் சக்கரம் சுற்றினால், மாஸ்டரைத் தள்ளும் கம்பி (புஷ் ராடு) தேவைக்கு மேல் நீளமாக இருக்கு. சுற்றவில்லையா, மாஸ்டரில் பைப்பைத் தளர்த்துங்க. அப்போது விட்டால் வால்வு. காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறதென்றால் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கு. அதற்கும் அசையாவிட்டால் காலிப்பர் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கு.

*

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருந்தால் நிப்பிளைப் பாருங்க. அது காலிப்பரின் உச்சியில் இருக்கணும். இடது, வலது காலிப்பர் மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். காலிப்பரைக் கழற்றிப் பக்கம் மாற்றுவதே சரியான வழி.

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து ஹோஸ் எங்கேயாவது இழுபடுதா, டயரில் உரசுதா என்று பார்க்கணும். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பான்ஜோ போல்ட்டில், ஹோஸ் முனைக்கு இருபுறமும் புது செம்பு வாஷர் போடணும்.

பின் லைனில் பிரஷரைக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் வால்வு போட்டே ஆகணும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும். வால்வைக் குறைந்த அளவில் வைத்து, ஆளில்லாத சமதளத்தில் பிரேக் பிடித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க. முன்சக்கரம் லாக் ஆன பிறகே பின்சக்கரம் லாக் ஆகும் அளவில் நிறுத்துங்க. இதையே ஈரத்தரையிலும் ஒருமுறை பார்த்துவிடணும்.