முன்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்கிறது

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். 2017 மாடல் டீசல் ஹேட்ச்பேக், டயர் அளவு 165/80 ஆர்14. முன்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் வேகமாகத் தேய்கிறது. வெளிப்பக்கம் பள்ளம் ஆழமாகவே இருக்கிறது, உள்ளே 1.6 மி.மீ. தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டது. கையால் தடவினால் ரம்பப் பல் போல ஒரு திசையில் சுரண்டுகிறது. நான்கு டயர்களும் போன தீபாவளிக்குத்தான் புதிதாகப் போட்டவை. தினமும் குடியாத்தம் சாலையில் வேலைக்குப் போய்வரும் வண்டி, பாரம் ஏற்றுவதில்லை.

காற்றை டயர் சூடாவதற்கு முன்பே பார்த்து வைக்கிறேன். பேலன்சிங் செய்தாயிற்று. முன்பின் டயர்களை மாற்றிப் போட்டேன். பின்னாலிருந்து வந்த நல்ல டயரும் இப்போது அதே இடத்தில் தேய்கிறது. ஆகவே கோளாறு டயரில் இல்லை, வண்டியில்தான். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. வேலூரில் வீல் அலைன்மென்ட் செய்தவர்கள் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்தார்கள். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மட்டும் அச்சிட்ட தாளில் இடப்பக்கம் சிவப்பாகவே, அதாவது அளவுக்கு வெளியே, நிற்கிறது; இந்த வண்டியில் அதைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மழைக்காலம் வருகிறது, வீட்டில் குழந்தைகளையும் இதில்தான் அழைத்துப் போகிறோம்.

ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்), நக்கிள் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகம்), சப்ஃபிரேம் (லோயர் ஆர்ம் பொருந்தும் அடிச்சட்டம்) ஆகியவற்றில் எதை முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்?