முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபங்சர்: ஊசியா, விரலால் தொடுவதா? மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி – குறிஞ்சி61

அம்மாவுக்கு 61 வயது, எடை 74 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சர்க்கரைக்கு கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். அக்குபங்சர் ஹீலர் ஒருவர் நாடி பார்த்துவிட்டு, ஊசி இல்லாமல் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுகிறார். பசித்தால் மட்டும் சாப்பிடுங்கள், தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர், இரவு 9 மணிக்குப் படுங்கள், மாத்திரை உடம்பில் கழிவைச் சேர்க்கும், நிறுத்திவிடுங்கள் என்கிறார். இதில் எதற்கு ஆதாரம் உண்டு? ஊசி போடுபவரிடம் போவதானால் என்ன கவனிக்க வேண்டும்?

பதில் – மருந்துப்பெட்டி

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அதில்தான். கிளிமிப்ரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு "பசிக்கவில்லை" என்று மதியம் வரை இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் தனியாக இப்படித் தாழ்த்துவது அரிது. அதனால் அம்மா உணவைக் குறைக்க விரும்பினால், கிளிமிப்ரைடு அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் சர்க்கரை சத்தமில்லாமல் ஏறும், வலியே இருக்காது. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், முக்கியமாக முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய் உள்ளவர்கள், நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று: வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். தாகத்தை மட்டும் நம்பி இருப்பது இந்த வயதுக்குப் பொருந்தாது.

பதில் – நரம்பும்தசையும்

ஊசிக்கு உடலியல் அடிப்படை இருக்கிறது. தசையில் ஊசி குத்தித் திருகும்போது அந்த இடத்தில் அடினோசின் என்ற வலிதணிக்கும் பொருள் கூடும். 2010-இல் எலிகளின் ஜூசான்லி புள்ளியில் (முழங்காலுக்குக் கீழே, எஸ்.டி. 36 என்றும் சொல்வார்கள்) இதை அளந்து காட்டினார்கள். அடினோசினை உணரும் ஏற்பி இல்லாத எலிகளுக்கு வலி குறையவில்லை. ஊசியில் மின்சாரம் கொடுத்தால் மூளையும் தண்டுவடமும் உடலே தயாரிக்கும் வலிநிவாரணிகளான எண்டார்ஃபின் வகைப் பொருள்களைச் சுரக்கும். ஊசி போட்ட இடத்தில் வரும் கனமான, மந்தமான வலியும் நரம்பு தூண்டப்படுவதன் அடையாளம்தான்.

முழங்காலைச் சுற்றியும் ஜூசான்லியிலும் போடுவது வழக்கம். 0.25 மில்லிமீட்டர் தடிமன், 40 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசி போதும். 20 முதல் 30 நிமிடம், வாரம் இரண்டு தடவை, மொத்தம் 10 தடவை. ஆறாவது தடவைக்குள் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

பதில் – அளவுகோல்

அடினோசின் உண்மைதான், ஆனால் எலிக்கு நடந்ததை மனிதருக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஜெர்மனியில் 1007 முழங்கால் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை 2006-இல் வெளியானது. புள்ளி பார்த்து ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51 சதவீதம். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதம். 2009-இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்கள் 638 பேரிடம் நடந்த ஆய்வில், பல் குத்தும் குச்சியைத் தோலில் அழுத்தி ஊசி போல் பாவனை செய்ததும் உண்மை ஊசிக்கு இணையாகவே வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கவனிப்பு, எதிர்பார்ப்பு, தொடுதல் ஆகியவையே நிவாரணத்தில் பெரும் பங்கு. புள்ளியின் துல்லியத்துக்குச் சிறு பங்குதான். குச்சி வேலை செய்ததால் உங்கள் ஹீலர் விரலால் தொட்டும் அம்மாவின் வலி கொஞ்சம் குறையலாம். அதற்காக நாடிக்கணக்கும் கழிவுக் கொள்கையும் சரியென்று ஆகாது. அமைப்புகளுக்குள்ளும் ஒருமித்த கருத்தில்லை. அமெரிக்க வாத நோய் மருத்துவர் சங்கம் 2019-இல் முழங்காலுக்கு நிபந்தனையோடு பரிந்துரைத்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் அமைப்பான நைஸ் 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றது.

குறிஞ்சி61

நன்றி ஐயா. அப்படியானால் வலி குறைந்த நாளில் வீட்டில் என்ன செய்யச் சொல்வது? 9 மணிக்குப் படுப்பதும் தேவையா?

பதில் – நரம்பும்தசையும்

ஊசி கொடுக்கும் நிவாரணத்தைத் தொடைத் தசையை வளர்க்கப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

முதல் பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதை 5 நொடி அழுத்திப் பிடித்து விடுவது, 10 தடவை. அடுத்து, ஒரு காலை மடக்கிவைத்து மற்றதை நீட்டியபடி ஒரு அடி உயரம் தூக்கி 5 நொடி நிறுத்துவது, அதுவும் 10 தடவை. கடைசியாக, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது, 10 தடவை வீதம் மூன்று சுற்று. வலித்தால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துங்கள். பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகச் செய்கிறார்கள்; ரத்த அழுத்தம்தான் ஏறும், தசைக்கு வேலை கிடைக்காது. வலி பத்துக்கு ஐந்துவரை போகலாம். மறுநாள் காலையிலும் அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள்.

எடையும் முக்கியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். 74-லிருந்து 70 என்றால் 16 கிலோ. சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிடம் நடந்தால் சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையும் தணியும்.

உறக்கத்தில் 9 மணி என்ற எண்ணுக்குத் தனி வலிமை கிடையாது. தினம் ஒரே நேரத்தில் படுத்து ஏழு மணி நேரம் தூங்குவதே கணக்கு. இரவு உணவைச் சீக்கிரம் முடிப்பது நல்ல யோசனைதான்: தூக்க ஹார்மோனான மெலடோனின் ஏறும் இரவு நேரத்தில் கணையம் மந்தமாகும், அதே இட்லிக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு உறுப்பு என்று நாளைப் பிரித்து அக்குபங்சரில் சொல்லும் அட்டவணைக்கு ஆதாரம் காட்ட முடியாது.

பதில் – மருந்துப்பெட்டி

ஊசிக்குப் போகும் அன்று: வெறும் வயிற்றில் போகக் கூடாது, படுத்த நிலையிலேயே ஊசி போடச் சொல்லுங்கள், மயக்கம் வருவது குறையும். ஊசி உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதத்தில் மரத்த உணர்வு இருந்தால் மூலிகை எரித்துச் சூடு வைக்கும் மாக்ஸா வேண்டவே வேண்டாம். சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும். தோள்பட்டை மேலோ மார்பிலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடலாம், முழங்கால் வலிக்கு அங்கே ஊசியே தேவையில்லை. முழங்கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்று ஊசி வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.