ஆற்றுப் பள்ளத்தாக்குச் சுற்று: ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்குகிறது, இறக்கத்தில் கை மரத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. கிராவல் சைக்கிள் (மண், கல் பாதையிலும் ஓட்டக்கூடிய, அகன்ற டயர் சைக்கிள்) வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தார் ரோட்டில் நூறு கி.மீ. ஓட்டினாலும் மறுநாள் சாதாரணமாக வேலைக்குப் போய்விடுவேன். ஆனால் ஆற்றை ஒட்டிய காட்டுப் பள்ளத்தாக்கில் 58 கி.மீ. சுற்று ஒன்று இருக்கிறது. மூன்று முறை போய்விட்டேன், ஒரு முறைகூட முழுதாக ஓட்டி முடிக்கவில்லை.

இடக்கரையில் மேலே போய், தரைப்பாலத்தில் ஆற்றைக் கடந்து, வலக்கரைக் காட்டு வழியில் திரும்ப வேண்டும். மொத்த ஏற்றம் வரைபடத்தில் 900 மீட்டர் என்று இருக்கிறது, என் கடிகாரம் 1,150 காட்டுகிறது. இடக்கரை சுகமாகப் போய்விடும். வலக்கரையில்தான் சிக்கல். ஏற்றங்கள் 200, 300 மீட்டர் நீளம்தான், ஆனால் 14 சதவீதம் வரை செங்குத்து. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சரக்கென்று ஒரு சுற்று சும்மா சுற்றிக் கல்லை வாரி இறைக்கிறது. கால் ஊன்றிவிட்டால் அங்கிருந்து மறுபடி கிளம்ப முடியவில்லை, தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

இறக்கத்தில் கை போய்விடுகிறது. போன முறை கடைசி இறக்கம் முடிந்ததும் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் உணர்ச்சியே இல்லை.

முன்னால், மிதியோடு சுற்றும் பல்சக்கரம் (செயின்ரிங்) ஒன்றுதான், 42 பல். பின்னால் 11-42 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 42 பல்வரை உள்ள பல்சக்கர அடுக்கு. டயர் 40 மி.மீ., உள்ளே ட்யூப். என் எடை 72 கிலோ. கேசட்டை மாற்றவா, டயரை மாற்றவா, இல்லை எனக்குப் பயிற்சிதான் போதவில்லையா?

பதில் 1

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். டயரில் காற்று எவ்வளவு?

கேட்டவர்

முன்னும் பின்னும் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு). டயரில் அதிகபட்சம் 65 என்று போட்டிருந்தது, அதனால் கொஞ்சம் குறைவாக வைத்தேன்.

பதில் 1

சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது தம்பி. டயரில் போட்டிருப்பது அதற்கு மேல் போகாதே என்கிற எல்லை. அந்த அளவுக்கு நிரப்பச் சொல்லவில்லை. 60-இல் 40 மி.மீ. டயர் கட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், துள்ளும் நேரத்தில் தரையில் பிடி இருக்காது. பின்சக்கரம் வழுக்குவதும் கை மரப்பதும் உங்களுக்கு இரண்டு பிரச்சினையாகத் தெரிகிறது. எனக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றாகத்தான் படுகிறது.

உங்கள் எடைக்கு முன் டயரில் 38, பின் டயரில் 42 பி.எஸ்.ஐ. வைத்துப் பாருங்கள். வேகம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். கரடுமுரடான பாதையில் டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருண்டால்தான் சக்தி மிச்சம். இறுக்கமான டயர் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போடும், அதற்கான சக்தியும் உங்கள் காலிலிருந்துதான் போகிறது.

பதில் 2

காற்று விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. ட்யூப் இருக்கும்போது இன்னும் இறக்கினால், கூரான கல்லில் டயர் ரிம்வரை நசுங்கும். நடுவில் மாட்டிய ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 30 பி.எஸ்.ஐ.-க்கு வர ஆசை என்றால் முதலில் ட்யூப்லெஸ் (ட்யூப் இல்லாமல் டயரே காற்றைப் பிடிக்கும் முறை) ஆக்குங்கள். ரிம்மும் டயரும் அதற்கு ஏற்றவையா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆனால் கியரும் பாரம்தான். முன்னால் 42 பல்லுக்குப் பின்னால் 42 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. வேகம் வரும். உங்களையும் சைக்கிளையும் தண்ணீரையும் சேர்த்து 86 கிலோ என்று வைத்தால், 14 சதவீத ஏற்றத்தில் அதற்குச் சுமார் 275 வாட் வேண்டும். ஒரு தடவை முடியும். ஏழாவது ஏற்றத்தில் முடியாது. முன்னால் 38 பல் போட்டால் அதே மிதிக்கு 250 அளவில் போதும். கேசட்டைத் தொடவே வேண்டாம், செயினில் ஒரு ஜோடி கண்ணியைக் குறைத்தால் சரியாக உட்காரும்.

பதில் 3

இந்த மாதிரிப் பள்ளத்தாக்கில் பல வருடமாக ஓட்டுகிறேன். வரைபடத்தில் ஆற்றோரப் பாதை சமதளம் போலத்தான் தெரியும். ஆனால் பக்கத்து மலையிலிருந்து ஆற்றுக்கு வரும் ஒவ்வொரு ஓடையும் கரையை வெட்டித்தான் வருகிறது. பாதை அந்த ஓடைக்கு இறங்கும், கடந்ததும் ஏறும். வரைபடத்தின் உயரக் கணக்கு இந்தக் குறுகிய வெட்டுகளைச் சமன் செய்துவிடும். காற்றழுத்தமானி உள்ள கடிகாரம் அவற்றைப் பிடித்துவிடும். உங்கள் 250 மீட்டர் வித்தியாசம் பெரும்பாலும் அதுதான்.

அதனால் ஏற்றத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஓடைக்கு இறங்கும்போதே, தண்ணீருக்கு முன்னாலேயே, சின்ன கியருக்கு (மிதிக்க லேசான கியர்) வந்துவிடுங்கள். ஏற்றத்தில் எழுந்து நிற்கவே கூடாது. நின்றால் எடை பின்சக்கரத்தை விட்டு முன்னால் போய்விடுகிறது. சீட்டின் முன் நுனியில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்துங்கள். முன்சக்கரம் தூக்காது, பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். மிதியை இடித்து இடித்து மிதிக்காமல் வட்டமாகச் சுற்றுங்கள்.

கைக்கு வருகிறேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் போகும் அல்நார் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். நீங்கள் பிரேக் லிவருக்கு மேலே கை வைத்துத்தானே இறங்குகிறீர்கள்? வளைந்த கீழ்ப்பிடிக்கு வாருங்கள். அங்கே ஒரே விரலில் பிரேக் பிடிக்கலாம், மற்ற விரல்கள் தளர்ந்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கை விடுங்கள். மரவேர் குறுக்கே வந்தால் நேர்க்கோணத்தில் ஏறுங்கள், அதன் மேல் பிரேக் வேண்டாம். இலைக்குவியலை எப்போதும் சந்தேகியுங்கள். காட்டில் நிழல் பக்கம் மதியம்வரை காயாது. மேலே சருகு மொறுமொறுவென்று இருக்கும், அடியில் சேறு இருக்கும்.

மரத்துப்போவது மறுநாளும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

நேற்று முடித்துவிட்டேன்! 58 கி.மீ., ஓரிடத்தில் மட்டும் இறங்கித் தள்ளினேன்.

முதல் வாரம் காற்றை மட்டும் குறைத்தேன், வேறு எதையும் தொடவில்லை. அதே ஏற்றம், அதே கியர். கல் டயருக்கு அடியில் நறநறவென்று அரைபடும் சத்தம் முதல் தடவையாகக் கேட்டது. இதற்குமுன் கல் தெறிக்கும் சத்தம்தான் கேட்டிருக்கிறேன். அப்புறம் 38 பல் மாட்டினேன். உட்கார்ந்தே ஏறப் பழகத்தான் நாள் ஆனது, கால் தானாக எழுந்துவிடுகிறது. இடக்கரையில் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன், அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது சாப்பிட்டேன். பாட்டில் மூடியை நானே திறந்தேன்.

புதிதாக ஒரு சந்தேகம். தரைப்பாலத்தில் ஒரு சாண் தண்ணீர் ஓடியது. அதைக் கடந்ததும் இரண்டு பிரேக்கும் வீலென்று கத்தின, முதல் இறக்கத்தில் சரியாகப் பிடிக்கவும் இல்லை. கெட்டுவிட்டதா?

பதில் 3

ரொம்ப சந்தோஷம்!

கெடவில்லை. டிஸ்க் நனைந்தால் அப்படித்தான் கத்தும். தண்ணீரைக் கடந்ததும், இறக்கம் வருவதற்கு முன், சமதளத்தில் நாலைந்து தடவை சுருக்கமாக அழுத்திப் பிடித்து விடுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் கத்தினால் மணலோ செயின் எண்ணெயோ ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் டிஸ்கைத் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், பிரேக் பக்கம் தெறிக்காமல்.

ஒரு சாண் பரவாயில்லை. மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக, தரை தெரியாமல் ஓடினால் ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். வேகமாக ஓடினால் நடந்தும் கடக்காதீர்கள், இடக்கரையிலேயே திரும்பிவிடுங்கள். கணுக்கால் ஆழத்தில் மெதுவாகப் போகும் தண்ணீர் என்றால் சைக்கிளை ஆற்றோட்டம் போகும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்து கடக்கலாம். தண்ணீர் அதை இழுத்தாலும் உங்கள் மேல் சாயாது.

தள்ளினது எந்த ஏற்றத்தில்?

கேட்டவர்

கடைசி ஓடை தாண்டி, மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வளையும் ஏற்றம். சின்ன கியருக்கு மாற்ற மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.