அத்தை வீட்டு அவரைக்கொடியும் வேருக்குள் இருக்கும் பூஞ்சையும்

பெரிய வீட்டுச் சொந்தங்கள் (குழு)
ஞாயிறு, புரட்டாசி

உச்சிப்புளி அத்தை, காலை 6:10
(படம்)
பாருங்கள், இதுவும் போச்சு. நேற்று சாயங்காலம் வரைக்கும் நன்றாக நின்ற அவரைக்கொடி, விடிந்து பார்த்தால் அடி இலை மஞ்சளாகித் தொங்குகிறது. சீனியவரையிலும் நாலு செடி இப்படியே போய்விட்டது. மூன்று வருஷமாக அதே பாத்தியில் அதே கதை.

தொண்டி சித்தப்பா, 6:24
அக்கா, உன் கிணறு உப்பேறிவிட்டது. அதுதான் காரணம்.

துபாய் அண்ணன், 6:31
அத்தை, டிஏபி உரம் இன்னும் ஒரு கை வைத்துப் பாருங்கள்.

உச்சிப்புளி அத்தை, 6:33
போன மாதமே இரண்டு தடவை வைத்தாச்சுப்பா. கடையில் சொன்னார்கள் என்று கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லியும் கரைத்து வேரில் ஊற்றினேன்.

நான், 6:40
அத்தை, வாடின செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, ஆணிவேர்ப் பட்டையை நகத்தால் உரித்துப் படம் போடுங்கள்.

உச்சிப்புளி அத்தை, 6:52
(படம்)
பிடுங்கவே வேண்டியதில்லை தாயி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பட்டை நார் நாராகக் கழல்கிறது. உள்ளே மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி.

நான், 6:58
இது வேரழுகல் அத்தை. மேக்ரோபோமினா என்கிற பூஞ்சை. அந்தக் கறுப்புப் புள்ளிகளாகத்தான் அது மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், மண் சூடேறி ஈரம் வற்றும்போது வேரைப் பிடிக்கும். நம்ம கரை மணல் அதற்கு ரொம்பத் தோது. உப்பும் செடியை வாட்டும்தான் சித்தப்பா, ஆனால் உப்புக்கு இலை ஓரம் கருகும், பட்டை இப்படி உரியாது.

துபாய் அண்ணன், 7:03
பூஞ்சைதான் கொல்கிறது என்றால் பூஞ்சைக்கொல்லி ஊற்றியது சரிதானே?

நான், 7:15
அங்கேதான் தப்பு நடக்கிறது அண்ணே. மண்ணில் இருக்கிற பூஞ்சை எல்லாம் எதிரி இல்லை. வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவுகிற வேர் உட்பூசணம் என்று ஒரு பூஞ்சை உண்டு, கடையில் வேம் (VAM) என்று கேட்டால் தருவார்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படிக்கும்போது தட்டைப்பயறு வேரைக் காரத்தில் வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். நிறைய செல்களுக்குள் கிளை கிளையாகப் பிரிந்த குட்டி மரம் ஒன்று நின்றது. செடி சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொடுக்கும், இரண்டும் கைமாறுகிற இடம் அந்தக் குட்டி மரம்தான். வேர்த்தூவி எட்டாத இடத்துக்கெல்லாம் இதன் இழை போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்துவரும், தண்ணீரும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். கார்பன்டசிம் இதையும் அடக்கிவிடும். டிஏபியைக் கொட்டினால் செடிக்கு மணிச்சத்து சும்மாவே கிடைத்துவிடும், அப்புறம் அது இந்தப் பூஞ்சையை வேருக்குள் அதிகம் சேர்க்காது. இரண்டையும் செய்ததில் அத்தை பாத்தியில் நல்லது போய், கெட்டது மட்டும் மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உச்சிப்புளி அத்தை, 7:19
நல்லா நிற்கிற செடி வேரில் குட்டிக் குட்டி உருண்டை இருக்கிறதே, அதுவா நீ சொல்வது?

நான், 7:22
இல்லை அத்தை, அது ரைசோபியம் பாக்டீரியா கட்டின முடிச்சு. விரலால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே ரோஸ் நிறம் இருக்க வேண்டும், இருந்தால் காற்றில் இருக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு, அது வேறு தொல்லை. நான் சொன்ன பூஞ்சை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து நிறைய வேண்டும், அதைச் சுமந்து வருவது இந்தப் பூஞ்சை. பயறு, அவரை வகைக்கு இந்த இரண்டு துணையும் சேர்ந்திருந்தால்தான் நல்லது.

தொண்டி சித்தப்பா, 7:30
சத்து கொடுக்கிறது சரி. நோயை எப்படித் தடுக்கும்?

நான், 7:41
முதலில் இடம். வேருக்குள் இது குடியேறிவிட்டால் நோய்ப்பூஞ்சைக்கு இடமும் சாப்பாடும் குறையும். அப்புறம் செடியே உஷாராகிவிடும், வேரின் செல்சுவர் தடிக்கும், நோய் வந்து தொட்டதும் எதிர்ப்பு வேகமாகக் கிளம்பும். எல்லாம் முன்கூட்டியே இருந்தால்தான். விழுந்த செடிக்கு இது மருந்து இல்லை.
இன்னொன்று சொல்ல வேண்டும். 2013இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நம்ம அவரைக்கு உறவான ஒரு பீன்ஸ் செடி. ஒரு செடியில் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியை விட்டார்கள். பூஞ்சை இழையால் அதோடு இணைந்திருந்த பக்கத்துச் செடிகள், தங்கள் மேல் ஒரு அசுவினிகூட ஏறாமலே, அசுவினியை விரட்டுகிற வாசனையையும் அதைக் கொல்கிற குட்டிக் குளவியை அழைக்கிற வாசனையையும் விட ஆரம்பித்தன. இழை இணைப்பு இல்லாத செடிகளில் அது நடக்கவில்லை. முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மதினி, 7:44
அப்படியென்றால் மாடித்தொட்டி உளுந்தில் வருகிற மஞ்சள் தேமலுக்கும் போடலாமா?

நான், 7:46
அதற்கு நம்ப வேண்டாம் மதினி. அது வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரஸ். இந்தப் பூஞ்சை வேர் நோயைத் தடுக்கத்தான் துணை, சில வைரஸ் நோய் இது இருக்கிற செடியில் கூடுதலாகவே வந்ததாகவும் ஆராய்ச்சி உண்டு.

தொண்டி சித்தப்பா, 7:55
போன வருஷம் மிளகாய்க்கு ஒரு கடையில் வேம் பொட்டலம் வாங்கினேன். தண்ணீரில் கலந்து இலையில் அடி என்றார்கள், அடித்தேன். ஐந்து காசுக்குப் பிரயோஜனமில்லை. ஆத்தா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறது.

நான், 8:02
தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் சித்தப்பா. இலையில் அடித்தால் அது செத்துப்போகும். உயிருள்ள வேரைத் தொட்டால்தான் பிழைக்கும். விதைக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும், முளைத்து இறங்குகிற வேர் அதற்குள் புகுந்து போகிற மாதிரி. குழிக்கு 10 கிராம் போதும். வெயிலில் கிடந்த பொட்டலமாக இருந்தால் வாங்க வேண்டாம்.

உச்சிப்புளி அத்தை, 8:06
டிரைக்கோடெர்மா வேறா இது வேறா?

நான், 8:09
வேறு. டிரைக்கோடெர்மா மண்ணில் தனியாக வாழும், நோய்ப்பூஞ்சையைச் சுற்றி வளைத்துத் தின்னும். விதை கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைக்கலாம். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் அத்தை. கார்பன்டசிமை மட்டும் நிறுத்துங்கள், இந்தப் பட்டத்துக்கு டிஏபியும் வேண்டாம், மக்கின ஆட்டுச்சாணி போதும். செத்த செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், பாத்தி ஓரத்தில் போட வேண்டாம். மேலே பனை ஓலையைப் பரப்பினால் மண் சூடு குறையும்.

துபாய் அண்ணன், 8:14
ஒவ்வொரு தடவையும் பொட்டலம் வாங்க வேண்டுமா?

நான், 8:20
வேண்டாம் அண்ணே, வீட்டிலேயே பெருக்கலாம். சாக்கில் மணல் போட்டு, நடுவில் ஒரு அடுக்கு வேம் வைத்து மக்காச்சோளம் விதைத்தால் 60 நாளில் வேர் முழுக்க ஏறிவிடும். தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தட்டையை வெட்டிவிட்டு, வேரை நறுக்கி மணலோடு கலந்து வைத்துக்கொள்ளலாம். கடுகு, முள்ளங்கி அதில் போட்டால் பெருகாது, அந்த வேரில் இது சேராது.

தொண்டி சித்தப்பா, 8:23
ஆத்தா கேட்கிறது, அந்தக் காலத்தில் யார் பொட்டலம் வாங்கினார்கள் என்று.

நான், 8:26
அப்பத்தா கேட்பது சரிதான். அப்போது கொல்லையில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருந்தது, பூஞ்சையும் இருந்தது. இப்போது அறுவடை முடிந்தால் ஐப்பசி மழை வரைக்கும் வெறும் மணலாகக் காய்கிறது.

உச்சிப்புளி அத்தை, 8:31
சரி தாயி. 12 குழி போடுகிறேன். எல்லாவற்றுக்கும் போடவா?

நான், 8:33
ஆறுக்கு மட்டும் போடுங்கள் அத்தை. அந்த ஆறு பந்தல் காலிலும் ஒரு அடையாளம் கட்டுங்கள். விதை, எரு, தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும், அப்போதுதான் நமக்குத் தெரியும்.

உச்சிப்புளி அத்தை, 8:50
(படம்)
மாமாவின் பழைய வலைக்கயிறு, நீலம். ஆறு காலிலும் கட்டியாச்சு. பொட்டலம் எப்போது கொண்டுவருவாய்?