பித்தளைக் கழுத்து வெடிக்கிறது: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். உட்லண்ட்ஸில் நண்பரின் பட்டறையில் ஓய்வு நேரத்தில் குத்துவிளக்குத் தண்டு செய்கிறேன். 38 மி.மீ. பித்தளைக் குழாயின் வாயை அச்சில் அழுத்தி 27 மி.மீ. கழுத்தாகச் சுருக்க வேண்டும். இரண்டு மாதங்களில் ஏழு குழாய்கள் செய்தேன், நான்கு வீண்.

குழாய் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்; தோட்டா உறைக்கும் இதே கலவைதான். சுவர்க் கனம் 1.2 மி.மீ. முதலில் ஒரே அழுத்தில் சுருக்கியதில் இரண்டு உடனே கிழிந்தன, அது என் அவசரம். பிறகு 34, 30, 27 என்று மூன்று படியாக்கினேன். ஒவ்வொரு படிக்கும் முன் ஊதுவிளக்கில், இருட்டில் மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சி மென்மையாக்கினேன். துத்தநாகம் எரிந்தால் வரும் வெண்புகை எழவில்லை. அச்சுக்கு எண்ணெயும் மாற்றிப் பார்த்தாயிற்று.

இப்போது அழுத்தும்போது எதுவும் ஆவதில்லை. ஆனால் கடைசிப் படி முடித்து, அம்மோனியா கலந்த மெருகுநீரால் துடைத்து அலமாரியில் வைத்த இரண்டு குழாய்கள், மூன்று வாரம் கழித்துத் தாமாகவே வாயிலிருந்து நீளவாக்கில் பிளந்தன. அந்தக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில், குதிரை லாயத்து அம்மோனியாவால் தோட்டா உறைகள் வெடித்த கதைதான் நினைவுக்கு வருகிறது. மெருகுநீரை நிறுத்திவிட்டேன், ஆனால் சுருக்கியதால் உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் மட்டும் அப்படியே இருக்குமே.

கழுத்து மறுபடி மென்மையாகிவிடாமல் அந்த இறுக்கத்தைப் போக்க, வீட்டு அவனில் 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் போதுமா?